திருவனந்தபுரம் – துபாய்: பயண நேரத்தைச் சரியாகக் கணக்கிட

களியக்காவிளை, மார்த்தாண்டம் பகுதிகளிலிருந்து துபாய்க்கு வேலைக்குச் செல்வோரும் அவர்களை வழியனுப்பும் குடும்பத்தாரும் முதலில் கவனிக்க வேண்டியது, பயணச்சீட்டில் அச்சிடப்படும் நேரங்கள் அந்தந்த ஊரின் உள்ளூர் நேரங்கள் என்பதையே. துபாய் நேரம் இந்திய நேரத்தைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியது. எனவே காலை 10 மணிக்குத் திருவனந்தபுரத்தில் புறப்பட்டு 12.30 மணிக்குத் துபாயில் இறங்குவதாகச் சீட்டில் இருந்தால், அது இரண்டரை மணி நேரப் பயணமன்று. நான்கு மணி நேரப் பயணம். திரும்பி வரும்போது இதே ஒன்றரை மணி நேரம் கூடுதலாகத் தோன்றும்.

இரு நகரங்களுக்கும் இடையே வான்வழித் தொலைவு ஏறத்தாழ 2,950 கிலோமீட்டர். இது உருண்டையான புவியின் மேல் அளந்த மிகக் குறுகிய தொலைவு. விமானம் வகுக்கப்பட்ட பாதைகளில் செல்வதால் உண்மையில் சற்றுக் கூடுதலாகவே பறக்கிறது. குளிர்காலத்தில் மேற்கிலிருந்து வீசும் உயரக் காற்று, போகும் விமானத்தைச் சற்றுத் தாமதப்படுத்தி, வரும் விமானத்தை விரைவுபடுத்தும்.

வானத்தைவிட நெய்யாற்றின்கரை, பாலராமபுரம் சாலை நெரிசலே நம்மவர்களுக்குப் பெரும் இடையூறு என்பதால், விமான நிலையத்தில் மூன்று மணி நேரம் முன்னதாக இருக்குமாறு கணக்கிட்டு வீட்டிலிருந்து புறப்படுங்கள். எந்த முனையம் என்பதையும் சீட்டில் பார்த்து ஓட்டுநரிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.