பாஸ்புக்கில் 436 ரூபாய்

இந்த முறை கும்பகோணத்தில் எனக்குக் கிடைத்தது பன்னிரண்டு நாள். அதில் மூன்றை வங்கி தின்றுவிட்டது. சிங்கப்பூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ ஊருக்குப் போகிறவர்களுக்கு, அங்கே ஒரு என்.ஆர்.ஓ. கணக்கு (வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரில் ரூபாயில் வைத்திருக்கும் கணக்கு) கிடக்கிறது என்றால், இதை எழுதுகிறேன்.

அப்பா இருந்தவரை மாதத்துக்கு ஒருமுறை பாஸ்புக்கைப் பதிந்து வைப்பார். அவர் போன பிறகு யாரும் தொடவில்லை. ஆன்லைனில் பார்க்கலாம் என்றால், ஓ.டி.பி. போவது எப்போதோ செத்துப்போன பழைய எண்ணுக்கு. முதல் நாள் பதிவு இயந்திரம் ரிப்பேர். மறுநாள் கறகறவென்று நாலு பக்கம் அடித்துத் தள்ளியது. பார்த்த இடமெல்லாம் பற்று: 17.70, 236, 20, 436. என் பணத்தை யாரோ கொறித்துத் தின்பதுபோல் இருந்தது.

கவுன்டருக்குப் போய்ச் சத்தம் போடுவதற்கு முன் ஒன்று செய்யுங்கள் (நான் செய்யவில்லை). புரியாத தொகையை 1.18-ஆல் வகுத்துப் பாருங்கள். வட்டமான எண் வந்தால் பெரும்பாலும் அது வங்கிக் கட்டணமும் 18 சதவீத ஜி.எஸ்.டி.யும்தான். 17.70 என்றால் 15 ரூபாய் எஸ்.எம்.எஸ். கட்டணம். 236 என்றால் 200 ரூபாய் டெபிட் கார்டு ஆண்டுக் கட்டணம். அந்தக் கார்டை நான் உறையைவிட்டே எடுத்ததில்லை. டி.டி.எஸ். என்று வருவது என்.ஆர்.ஓ. வட்டிக்குப் பிடிக்கும் வரி, 30 சதவீதமும் செஸ் என்ற கூடுதல் தீர்வையும் சேர்ந்து 31.2. சிங்கப்பூரில் வரி கட்டுபவர் என்ற சான்றிதழும் அதற்கான வருமான வரிப் படிவமும் கொடுத்தால், இரட்டை வரி ஒப்பந்தப்படி 15-க்கு இறங்கும். பிடித்ததை ரிட்டர்ன் போட்டுத் திரும்பக் கேட்கலாம்.

20-ம் 436-ம் வகுபடவில்லை. அங்கேதான் எனக்குக் கோபம் ஏறியது. இரண்டும் அரசுக் காப்பீடு: 20 விபத்துக்கு, 436 ஆயுளுக்கு. ஆண்டுதோறும் மே கடைசியையொட்டித் தானாகப் பிடிப்பார்கள். "யாரைக் கேட்டுப் பிடிச்சீங்க?" என்றேன். "நீங்க கையெழுத்துப் போட்டிருப்பீங்க சார்." "போடவே இல்லை, ஃபாரத்தைக் காட்டுங்க." சாப்பாட்டு நேரம் முடிந்து வரச் சொன்னார்கள். வந்தேன். சர்வர் போயிருந்தது. புகார்க் கடிதத்தை அங்கேயே உட்கார்ந்து எழுதினேன். முப்பது நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் திருப்தியில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் சி.எம்.எஸ். என்ற புகார்த் தளத்தில் குறைதீர்ப்பாளருக்குப் போகலாம். கட்டணம் கிடையாது. அதையும் கடிதத்தின் அடியில் அடிக்கோடிட்டு எழுதினேன்.

நாலு மணிக்கு ஒரு பெண் ஊழியர் படிவத்தைக் கொண்டுவந்து வைத்தார். கையெழுத்து என்னுடையதுதான். மற்றதெல்லாம் அப்பாவின் எழுத்து. கையெழுத்து வர வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாய் ஒரு பெருக்கல் குறி. விமானத்துக்குக் கிளம்பும் அவசரத்தில், வாசலில் கார் நிற்க, அவர் நீட்டிய ஏழெட்டுத் தாளில் படிக்காமல் போட்டது. நாமினி, அதாவது நான் போனால் பணம் வாங்க வேண்டியவர், என்ற இடத்தில் அவர் பெயரையே எழுதியிருந்தார்.

சரி, மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருடம் நீங்களாக எதுவும் போடாமல் எடுக்காமல் இருந்தால் கணக்கு முடங்கிவிடும். அதை உயிர்ப்பிக்கக் கட்டணம் கேட்டால் கொடுக்காதீர்கள். நீங்கள் செய்யாத ஆன்லைன் பற்று, உங்கள் பக்கம் தவறில்லாமல் நடந்திருந்தால், தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் வங்கியிடம் சொல்லிவிட வேண்டும்; சொன்னால் நஷ்டம் உங்களுக்கு இல்லை என்பது 2017-ல் ரிசர்வ் வங்கி போட்ட விதி. ஆனால் தகவல் போகும் எண் உங்களிடம் இருந்தால்தானே? போன உடனே எண்ணை மாற்றுங்கள். அப்புறம், ஜவுளிக்கடையில் கார்டு கருவி டாலரா ரூபாயா என்று கேட்டால் ரூபாய் என்றே சொல்லுங்கள். டாலர் என்றால் அவர்கள் வைத்ததுதான் மாற்று விலை. கார்டு பில்லில் கடைப்பெயருக்குப் பதில் முதலாளியின் நிறுவனப் பெயர் வரலாம், ரசீதை எறியாதீர்கள்.

"நானூத்திச் சொச்சத்துக்கா இத்தனை நாளு அங்க போய் உக்காந்திருந்தே?" என்றாள் அத்தை.

புகார்க் கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன். 436-ஐ நிறுத்தச் சொல்லவில்லை. நாமினி பெயரை மாற்ற ஒரு படிவம் வாங்கினேன். மூன்றாவது நாள் அதற்குத்தான் போனது.