குப்ரிசோன் சுண்டெலி மூளையில் மயலின் இழப்பையும் மீட்சியையும் சாயமேற்றிப் பார்ப்பது எப்படி?

நரம்பு நார்களைச் சுற்றியுள்ள மயலின் உறையை உருவாக்கும் ஒலிகோடென்ட்ரோசைட் செல்கள் பாதிப்புக்கு எப்படி எதிர்வினை காட்டுகின்றன என்று பார்க்க, ஆய்வகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு குப்ரிசோன் முறையைத்தான் பரிந்துரைப்பேன். அறுவை வேண்டாம், தீவனத்தில் கலந்தால் போதும். தாமிரத்தைப் பிணைத்துக்கொள்ளும் இந்தப் பொருள் முதிர்ந்த ஒலிகோடென்ட்ரோசைட்டுகளைக் கொல்கிறது. முன்னோடிச் செல்கள் பெரும்பாலும் தப்பிவிடும், பிறகு அவையே பெருகி இழப்பை ஈடுகட்டும். நெறிமுறைக் குழு ஒப்புதல், பெர்ஃப்யூஷன், பாராஃபின் பிளாக் எல்லாம் தெரிந்தவர்களுக்காக எழுதுகிறேன்.

1. தீவனம்

8 வார வயது சி57பிஎல்/6 சுண்டெலிகள். 1 கிலோ அரைத்த தீவனத்துக்கு 2 கிராம் குப்ரிசோன், அதாவது எடையில் 0.2%. கையுறை, முகக்கவசத்தோடு ஃபியூம் ஹூடுக்குள் கலக்கவும். பெல்லட் வசதிதான், ஆனால் அதில் மயலின் இழப்பு சீராக வருவதில்லை. தூள் தீவனமே என் தேர்வு. முதல் வாரத்தில் எடை சற்றுக் குறைய வேண்டும். குறையவே இல்லையென்றால் கலவையையோ, எலி சாப்பிடும் அளவையோ சந்தேகப்படுங்கள்.

2. எந்த வாரத்தில் மூளையை எடுப்பது?

முதல் வாரத்திலேயே செல்கள் சாகத் தொடங்கும், ஆனால் லக்சால் ஃபாஸ்ட் புளூ சாயத்தில் மயலின் இன்னும் நீலமாகவே தெரியும். 3வது வாரம் முன்னோடிச் செல்கள் பெருகும், மூளையின் நோயெதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா குவியும். 5வது வார முடிவில், மூளையின் இரு அரைக்கோளங்களையும் இணைக்கும் நார்க்கற்றையான கார்பஸ் கலோசத்தில் மயலின் ஏறக்குறைய இருக்காது. அதன்பின் சாதாரணத் தீவனத்துக்கு மாற்றினால் சில வாரங்களில் புது உறை வரும். 3, 5, 5+2 (5 வாரம் குப்ரிசோன், பிறகு 2 வாரம் சாதாரணத் தீவனம்) வாரங்கள், கூடவே குப்ரிசோன் சாப்பிடாத கட்டுப்பாட்டு எலிகள் என்று குழு பிரியுங்கள். 12 வாரம் கொடுத்தால் மீட்சி மந்தமாகிவிடும். அது வேறு கேள்விக்கான சோதனை.

3. வெட்டும் இடம்

கார்பஸ் கலோசத்தின் முன்பகுதியில் இழப்பு சீராக இருக்காது, பின்பகுதியில்தான் முழுமை. மேல் ஹிப்போகேம்பஸ் தெரியும் மட்டத்தில், நடுக்கோட்டை ஒட்டிய பகுதியை மட்டும் எடுங்கள். இரண்டு எலிகளின் மட்டம் மாறினால் ஒப்பீடு செல்லாது.

4. லக்சால் ஃபாஸ்ட் புளூ

95% எத்தனால் 100 மி.லி.யில் சாயம் 0.1 கிராம், கிளேசியல் அசெட்டிக் அமிலம் 0.5 மி.லி. கலந்து வடிகட்டவும். பாராஃபின் நீக்கிய ஸ்லைடை 95% எத்தனால் வரைதான் கொண்டுவர வேண்டும், தண்ணீருக்கு இறக்கக் கூடாது. 56 டிகிரியில் இரவு முழுக்க, ஜாடியை நன்றாக மூடி வையுங்கள். மறுநாள் 95% எத்தனாலிலும் பிறகு காய்ச்சி வடித்த நீரிலும் அலசவும்.

அடுத்து சாயம் இறக்குதல். பெரும்பாலான தவறுகள் நடப்பது இங்கேதான். 0.05% லித்தியம் கார்பனேட்டில் 30 நொடி, 70% எத்தனாலில் 30 நொடி, தண்ணீரில் அலசி மைக்ரோஸ்கோப்பில் பாருங்கள். தேவைப்பட்டால் மறுபடியும். ஒவ்வொரு ஸ்லைடையும் அதனதன் தோற்றம் பார்த்து நிறுத்தாதீர்கள். லித்தியத்தில் அதிகம் ஊறிய ஆரோக்கியமான மூளையும் மயலின் இழந்ததைப் போலவே வெளிறித் தெரியும். கட்டுப்பாட்டு எலியின் ஸ்லைடையும் மற்றவற்றையும் ஒரே ரேக்கில், ஒரே நேரத்தில் இறக்கி ஏற்றுங்கள். நிறுத்தும் நேரத்தைக் கட்டுப்பாட்டு ஸ்லைடு மட்டுமே சொல்ல வேண்டும்: கார்டெக்ஸ் வெளிறி, கார்பஸ் கலோசம் அடர்நீலமாகத் தனித்து நிற்கும் அந்தக் கணம். செல்களைக் காட்டும் கிரெசில் வயலெட் சாயமும் போடுவதானால் ஒரு சுற்று முன்னதாகவே நிறுத்துங்கள். பின்னால் வரும் ஆல்கஹாலில் நீலம் இன்னும் கொஞ்சம் இறங்கும். லித்தியக் கரைசலை அன்றன்று புதிதாகத் தயாரிக்கவும்.

5. செல்களையும் எண்ண வேண்டும்

நீலம் போனதை வைத்து மயலின் இல்லை என்று மட்டும்தான் சொல்லலாம். செல்கள் என்ன செய்கின்றன என்று அது சொல்லாது. பக்கத்து வெட்டுத்துண்டில் மூன்று ஆன்டிபாடிகள் போடுங்கள்: முன்னோடி முதல் முதிர்ந்தது வரை ஒலிகோடென்ட்ரோசைட் பரம்பரை முழுவதற்கும் ஒலிக்2, முன்னோடிக்கு பிடிஜிஎஃப்ஆர் ஆல்ஃபா, முதிர்ந்த செல்லுக்கு சிசி1. ஒலிக்2 மட்டும் எண்ணினால் ஏமாறுவீர்கள். முதிர்ந்தவை செத்த இடத்தை முன்னோடிகள் நிரப்பும்போது மொத்த எண்ணிக்கை தேறிவிட்டதுபோல் தோன்றும், சிசி1 இன்னும் தரையில் கிடக்கும்.

பின்சேர்க்கை

சிசி1 பின்னணி ஒளிர்வு பற்றி நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அது சுண்டெலியில் தயாரான ஆன்டிபாடி, சுண்டெலித் திசுவிலேயே போடுகிறோம். அதனால் இரத்தக் குழாய்கள்கூட ஒளிரும். சுண்டெலித் திசுவுக்கென்றே விற்கும் பிளாக்கிங் கிட் வாங்குங்கள், சாதாரண சீரம் போதாது. அதற்கு முன் பிஎச் 6 சிட்ரேட் பஃபரில் சூடாக்குவதையும் தவிர்க்க வேண்டாம்.

5வது வார ஸ்லைடில் நீலப் புள்ளிகள் தெரிகின்றன, மீட்சியா என்றும் கேட்கிறார்கள். 40 மடங்கு லென்ஸில் பாருங்கள். புள்ளிகள் உருண்டையான செல்களுக்குள் திரண்டிருந்தால் அது மைக்ரோகிளியா விழுங்கிய மயலின் சிதைவு. புது மயலின் நார்களின் போக்கிலேயே மெல்லிய கோடுகளாக ஓடும். சந்தேகம் தீராவிட்டால் பக்கத்து வெட்டில் மைக்ரோகிளியாவைக் காட்டும் ஐபா1 ஆன்டிபாடி போட்டு ஒப்பிடுங்கள்.