வேலை நியூயார்க்கில், வீடு நியூஜெர்சியில்: 529 கணக்கில் நேரும் தவறுகள்

நியூஜெர்சியின் எடிசனில் குடியிருந்துகொண்டு தினமும் மன்ஹாட்டனுக்கு ரயில் ஏறும் பெற்றோர், பிள்ளையின் கல்லூரிச் செலவுக்காக 529 எனப்படும் கல்விச் சேமிப்புக் கணக்கு தொடங்கும்போது எந்த மாநிலத்தின் திட்டம் அதிகம் வளரும் என்றுதான் முதலில் விசாரிக்கிறார்கள். நம் சம்பளத்தில் கடைசியாக வரி எடுத்துக்கொள்வது எந்த மாநிலம் என்பதைத்தான் அதற்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

529 கணக்கில் போடும் பணத்துக்கு ஃபெடரல் (மத்திய அரசு) வரியில் கழிவு கிடையாது; அதாவது வரிக்குரிய வருமானத்திலிருந்து அதைக் கழித்துக்கொள்ள முடியாது. முதலீடு வளர்வதற்கும், கல்விச் செலவுக்காக எடுப்பதற்கும் வரி இல்லை, அவ்வளவுதான். போடும் பணத்துக்குக் கழிவு தருவது மாநிலங்கள். அதிலும் கலிஃபோர்னியா போன்றவை எதுவும் தருவதில்லை.

வெளிமாநிலத்தில் வசிப்பவருக்கு நியூயார்க் கழிவு கிடைக்காது என்று பலர் தாமாகவே முடிவு கட்டிவிடுகிறார்கள். நியூயார்க்கின் சொந்தத் திட்டத்தில் பணம் போட்ட கணக்கு உரிமையாளர், அங்கே வரி கட்டுபவராக இருந்தால் போதும். தனிநபருக்கு ஆண்டுக்கு 5,000 டாலர், சேர்ந்து தாக்கல் செய்யும் தம்பதிக்கு 10,000 டாலர் வரை கழிக்கலாம். வெளிமாநிலத்தவர் இதை ஐடி-203 படிவத்தில் கோர வேண்டும். வீட்டிலிருந்தே வேலை செய்பவர்களும் இதைக் கவனிக்க வேண்டும்: தம் வசதிக்காக வீட்டில் உட்கார்ந்து வேலை செய்தால், அந்தச் சம்பளத்தையும் நியூயார்க் பொதுவாகத் தன் வரிக்குள்தான் சேர்க்கிறது.

இதைவிடப் பெரிய தவறு, குடியிருக்கும் மாநிலம் என்பதற்காகவே நியூஜெர்சி திட்டத்தில் பணம் போடுவது. 2022 முதல் அம்மாநிலமும் தன் திட்டத்துக்கு 10,000 டாலர் வரை கழிவு தருகிறது. குடும்ப வருமானம் 2 லட்சம் டாலரைத் தாண்டக்கூடாது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நியூயார்க்கில் கட்டிய வரிக்கு நியூஜெர்சி ஈடு கொடுக்கிறது, அதாவது அதைத் தன் வரியில் குறைத்துக்கொள்கிறது. நடுத்தர வருமானக்காரர்களுக்கு நியூயார்க் வரியே பெரும்பாலும் அதிகம் என்பதால், அந்தச் சம்பளத்தின் மீதான நியூஜெர்சி வரி ஏறக்குறைய முழுவதும் அடிபட்டுப்போகிறது. இல்லாத வரியில் எதைக் கழிப்பது? கணவனோ மனைவியோ நியூஜெர்சியிலேயே வேலை பார்த்தால் கதை வேறு. அங்கே வரி மிஞ்சும், கழிவுக்கும் மதிப்பு இருக்கும். போன ஆண்டு நியூஜெர்சி படிவத்தை எடுத்து, ஈடு போக எவ்வளவு வரி மிஞ்சியது என்று பாருங்கள். எந்த ஆலோசகரும் இதைவிடத் தெளிவாகச் சொல்லிவிட முடியாது.

வீடு இருக்கும் மாநிலத்தில் வரி அதிகமாக இருந்தால் இந்தக் கணக்கு தலைகீழாகும். வேலை செய்யும் மாநிலத்தில் கழிவு வாங்கி 200 டாலர் வரி குறைந்தால், வீட்டு மாநிலம் தரும் ஈடும் 200 டாலர் குறையும். கையில் ஒன்றும் நிற்காது.

கழிவு முழுதாகப் பலன் தரும் என்று எதிர்பார்ப்பதும் ஏமாற்றத்தில் முடியும். நியூயார்க், வெளிமாநிலத்தவரின் மொத்த வருமானத்துக்கும் முதலில் வரி கணக்கிட்டு, பிறகு அதில் நியூயார்க் வருமானத்தின் விகிதத்தை மட்டும் வசூலிக்கிறது. தம்பதி 10,000 டாலர் போட்டால், 6 சதவீத விகிதத்தில் 600 டாலர் குறையவேண்டும். வருமானத்தில் பாதிதான் நியூயார்க்கிலிருந்து வருகிறது என்றால், மிச்சமாவது ஏறத்தாழ 300 டாலர்.

சில மாநிலங்களுக்கிடையே இந்தச் சிக்கலே இல்லை. பென்சில்வேனியாவில் வசித்து நியூஜெர்சியில் வேலை செய்பவரின் சம்பளத்துக்கு, இரு மாநில ஒப்பந்தப்படி பென்சில்வேனியா மட்டுமே வருமான வரி விதிக்கும்; எந்த மாநிலத்தின் 529 திட்டமானாலும் பென்சில்வேனியா கழிவு தருகிறது. வர்ஜீனியாவில் வசித்து வாஷிங்டன் நகரில் வேலை செய்பவரின் சம்பளத்துக்கு அந்த நகரம் வரி விதிக்க முடியாது. எனவே அதன் திட்டத்தில் பணம் போட்டால் கழிவு கிடைக்காது. அவருக்கு வர்ஜீனியா திட்டமே பொருந்தும்: கணக்கு ஒன்றுக்கு ஆண்டுக்கு 4,000 டாலர், மிஞ்சியதை அடுத்த ஆண்டுகளுக்கு எடுத்துச் செல்லலாம்.

நியூயார்க் திட்டத்தில் இன்னும் சில: தாத்தா பெயரில் உள்ள கணக்கில் நீங்கள் போடும் பணத்துக்கு உங்களுக்குக் கழிவு இல்லை. கடைசி நாள் டிசம்பர் 31. ஏப்ரல் வரை நீளும் ஓய்வுக்காலக் கணக்குகளின் கெடுவோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். பின்னாளில் பணத்தை வேறு மாநிலத் திட்டத்துக்கு மாற்றினாலோ பள்ளிக் கட்டணத்துக்கு எடுத்தாலோ, ஃபெடரல் சட்டம் அனுமதித்தாலும் நியூயார்க் முன்பு கொடுத்த கழிவை வருமானத்தில் திரும்பச் சேர்த்துவிடும்.