ஊரக வளர்ச்சிப் பணிக்கு வருகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஊருக்குள் நுழையும்போதே கையில் திட்டத்தோடு போவதுதான் பெரிய தவறு. நானும் செய்தேன். சிவகங்கைப் பக்கம் ஒரு கண்மாயைத் தூர்வார வரைபடம், மண் அளவு, செலவுக் கணக்கு எல்லாம் தயார். வேலை தொடங்கிய மூன்றாம் நாள் வயல்களுக்குத் தண்ணீர் திறந்துவிடும் ஊர் நீர்பாய்ச்சி கரையிலிருந்து இறங்கி வந்து, கையிலிருந்த குச்சியால், தண்ணீர் வயலுக்கு வெளியேறும் மடையின் அடிக்கல்லைத் தட்டிக் காட்டினார். "இதுக்குக் கீழ தோண்டுற குழியில நிக்கிற தண்ணி எப்படித் தம்பி வயலுக்கு ஏறும்?"

அந்தத் தண்ணீர் ஆடு மாட்டுக்கு ஆகும், கிணற்றுக்கும் கொஞ்சம் ஊறும். நாங்கள் எழுதிக் கொடுத்திருந்ததோ பாசனப் பரப்பு கூடும் என்று. வரத்துக்கால்வாயை அடைத்து நின்ற சீமைக்கருவேலத்தை எடுப்பதுதான் அங்கே முதல் வேலை. ஒரு வாரம் அவரோடு கரையில் நடந்திருந்தால் தெரிந்திருக்கும்.

எந்த வேலை யார் கையில் என்று தெரியாமல் மனு எழுதுவது அடுத்தது. 100 ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு, அதாவது பாசன நிலம், உள்ள கண்மாய்கள் பொதுவாக நீர்வளத் துறையிடம். சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடம். கொள்கை படித்து வருகிறவர்களுக்கு ஊராட்சிகளுக்கு அரசியலமைப்பில் இடம் தந்த 73-வது திருத்தம் மனப்பாடமாக இருக்கும். ஊராட்சிச் செயலரிடம் என்னென்ன பதிவேடு இருக்கிறது என்று கேட்டிருக்க மாட்டார்கள்.

கிராம சபையை விட்டுவிடாதீர்கள். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு 6 முறை கூட வேண்டும். தலைவரிடம் மட்டும் பேசித் தொடங்கிய வேலை, அவர் மாறியதும் படுத்துவிடும்.

அப்புறம், காலை 11 மணிக்குக் கூட்டம் போட்டுவிட்டு "பெண்கள் பங்கேற்பு குறைவு" என்று அறிக்கை எழுதுவது. அந்த நேரத்தில் அவர்கள் நூறு நாள் வேலையிலோ களையெடுப்பிலோ இருப்பார்கள். பொழுது சாய்ந்தபின் மகளிர் குழு கூடும் இடத்துக்கே போய் உட்காருங்கள். இடத்தையும் யோசியுங்கள். கோயில் வாசலில் கூட்டம் என்றால் சில ஊர்களில் ஒரு தெருவே வராது. வராதவர்களைக் கணக்கில் எடுக்காத திட்டம் பாதி ஊருக்கான திட்டம்தான்.

கடைசியாக, சேவை என்பதால் சம்பளம் பேசக் கூச்சப்படுவது. நிதி எந்த ஆண்டு வரை, அதற்குப் பிறகு என்ன என்று சேரும்போதே கேளுங்கள். இரண்டே ஆண்டில் கட்டுப்படியாகாமல் நகரத்துக்குத் திரும்பிய நல்ல பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பழகிய ஊர், அடுத்து வருகிற புது முகத்திடம் எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது.