பிள்ளையோடு றொக் இசை நிகழ்ச்சிக்குப் போவது எப்படி: முதல் தடவை போகும் அப்பா, அம்மாவுக்கு

வன்னியில், மல்லாவியில் இருந்துகொண்டு றொக் நிகழ்ச்சிக்கு வழி சொல்வது, வயலில் நின்று கப்பல் ஓட்டக் கற்றுக்கொடுப்பது போலத்தான். ஆனாலும் பதினைந்து வயது மகளோடு யாழ்ப்பாணத்தில் ஒரு திறந்தவெளி நிகழ்ச்சிக்குப் போய்வந்திருக்கிறேன். இதையெல்லாம் யாராவது முன்பே சொல்லியிருந்தால் பாதி அலைச்சல் மிச்சமாகியிருக்கும். ஒன்றை இப்போதே ஒத்துக்கொள்ளுங்கள்: இந்த விஷயத்தில் பிள்ளைதான் வாத்தியார், நீங்கள் அரிவரி.

படி 1: ஒரு கிழமைக்கு முன்பே கேட்கத் தொடங்குங்கள்

மூன்று பாட்டைத் தெரிவுசெய்து தரச் சொல்லுங்கள். முப்பது வேண்டாம். முதல் தடவை டிரம்ஸை மட்டும் கேளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்ணிக்கொண்டு போனால், பெரும்பாலான பாட்டுகளில் ஒன்றிலும் மூன்றிலும் காலால் மிதிக்கும் பெரிய டிரம் 'தொம்' என்று விழும்; இரண்டிலும் நான்கிலும் சின்ன டிரம் 'சடக்' என்று வெட்டும். கை தட்ட வேண்டியது அந்த வெட்டில். பஜனையில் பழகிய கை ஒன்றில்தான் போய் விழும். பிள்ளை சிரிக்கும், சிரிக்கட்டும்.

அடுத்து கிற்றார். முதலில் கேட்டபோது ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். "கிழியவில்லை அப்பா, வேண்டுமென்றேதான் அப்படி வாசிக்கிறார்கள்" என்றாள். கம்பியின் அதிர்வைக் காந்தமும் கம்பிச்சுருளும் மின்சாரமாக்குகின்றன. அதை ஆம்பிளிஃபயர் தாங்கும் அளவுக்கு மேல் பெருக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படும். அந்தக் கரகரப்பு அப்படி வருவதுதான்.

பதிலுக்கு நீங்களும் ஒரு கதை வைத்திருங்கள். தொண்ணூறுகளில் வன்னிக்கு மின்சாரமும் இல்லை, பொருளாதாரத் தடையால் பற்றரியும் இல்லை. சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையால் சுற்றி, டைனமோவில் கசற் கேட்டோம். சுற்றுகிற கை தளர்ந்தால் பாடகரின் குரல் இழுபட்டு அழும். என் மகள் இதை மூன்று தடவை சொல்லச் சொன்னாள்.

படி 2: காதுக்கு நுரை அடைப்பான்

இதில் சமரசம் வேண்டாம். பஞ்சு போதாது. மருந்துக்கடையில் கேளுங்கள், இல்லையென்றால் யாழ்ப்பாணத்துக்கோ வவுனியாவுக்கோ போகிறவரிடம் சொல்லிவிடுங்கள். 85 டெசிபல் சத்தத்தை எட்டு மணி நேரம் கேட்கலாம் என்பது ஒரு கணக்கு. அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். 100 டெசிபலுக்கு வரும்போது மிஞ்சுவது பதினைந்து நிமிடம். றொக் நிகழ்ச்சி இரண்டு மணி நேரம் நடக்கும். சத்தம் 100ஐத் தாண்டுவதும் சாதாரணம்.

போடும் விதம்: கையைக் கழுவுங்கள். அடைப்பானை விளக்குத் திரி போல மெல்லியதாக உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்கு மேலால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னுமாக இழுங்கள். உள்ளே வைத்து, நுரை விரியும்வரை முப்பது வினாடி விரலால் பிடித்திருங்கள். உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போலக் கேட்டால் சரியாகப் போட்டிருக்கிறீர்கள். வீட்டிலேயே நாலு தடவை பழகுங்கள். வாசலில் சனம் நெருக்கும்போது நான் உருட்டிய முதல் அடைப்பான் மண்ணில் விழுந்துவிட்டது.

படி 3: வெடி

இந்தப் படி மற்ற ஊர்க்காரருக்குத் தேவைப்படாது. போருக்குள் வாழ்ந்த எங்களுக்குத் தேவை.

பெரிய டிரம்மின் அதிர்வு காதுக்கு வருமுன் நெஞ்சுக்கு வந்துவிடுவது போலிருக்கும். அடைப்பான் அதைத் தடுக்காது. என் மகள் 2010இல் பிறந்தவள். அவளுக்கு அது தாளம் மட்டும்தான். முதல் 'தொம்' விழுந்தபோது என் முழங்கால் தானாக மடங்கியது. பங்கரில் பழகிய முழங்கால். அவள் கண்டுவிட்டாள். ஒன்றும் கேட்காமல் என் மணிக்கட்டைப் பிடித்து, இரண்டிலும் நான்கிலும் விரலால் தட்டிக்கொண்டு நின்றாள். அடுத்த அடி எப்போது விழும் என்று எண்ணத் தெரிந்ததும் உடம்பு கொஞ்சம் கொஞ்சமாக இளகியது. சொல்லாமல் வரும் சத்தத்துக்குத்தான் உடம்பு பயப்படுகிறது போலிருக்கிறது.

ஆகவே டிக்கெட் வாங்கும்போதே, மேடையில் வாணம் விடுவார்களா, விட்டால் எந்த நேரத்தில் என்று கேளுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். பிள்ளைக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்: "நான் கொஞ்ச நேரம் வெளியே போனால் உன்னில் கோபம் என்று நினைக்காதே."

படி 4: நிற்கும் இடம்

ஒலியைக் கலக்கிறவர் மேடைக்கு எதிரே, நடுவில், மேசை போட்டு உட்கார்ந்திருப்பார். அந்தப் பக்கத்தில் நில்லுங்கள். அவர் காதுக்குச் சரியாக வைப்பது உங்களுக்கும் சரியாகக் கேட்கும். ஸ்பீக்கருக்கு முன்னால் நிற்கவே வேண்டாம். திறந்தவெளியில் தூரத்தை இரட்டித்தால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும்.

பிள்ளை முன்னால் போக ஆசைப்படும். விடுங்கள், ஆனால் தோழியோடு. சனம் கூடினால் போன் வேலை செய்யாமல் போகலாம் என்பதால், உள்ளே நுழைந்த உடனே சந்திக்கும் இடத்தைக் காட்டி வையுங்கள். நாங்கள் ஒரு தண்ணீர் பவுசரைத் தெரிவுசெய்தோம். இடையில் அதை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். நகராத ஒன்றாகப் பாருங்கள்.

படி 5: திரும்பி வருவது

எங்களுக்குப் பக்கத்திலுள்ள மாங்குளத்திலிருந்து யாழ்ப்பாணம் நூறு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. கடைசி பஸ்ஸை நம்பாதீர்கள். நிகழ்ச்சி சொன்ன நேரத்தில் முடியாது. நாலு குடும்பம் சேர்ந்து ஒரு ஹயஸ் வான் பிடியுங்கள். சாரதியிடம் சொல்லிவையுங்கள்: ஆனையிறவு தாண்டியதும் மெதுவாகவே வர வேண்டும், இரவில் மாடுகள் தாரில் படுத்திருக்கும்.

போகும்போது முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சானைக் கூடுதலாக வாங்குங்கள். திரும்பும்போது பசிக்கும்.

வானில் "எப்படி இருந்தது?" என்று கேட்காதீர்கள். "பரவாயில்லை" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். "மூன்றாம் பாட்டில் டிரம்ஸ் திடீரென்று ஏன் நின்றது?" என்று கேளுங்கள். எங்களுக்குக் கிளிநொச்சி வரை அதற்குத்தான் பதில் ஓடியது.

காது இரைச்சல் அடுத்த நாளும் நிற்காவிட்டால் வைத்தியரைப் பாருங்கள். பாவித்த அடைப்பான்களை எறிந்துவிடுங்கள். என்னுடையவற்றை அன்றே எறிந்தேன். அவளுடையவை சட்டை துவைக்கும்போது, பையில் கச்சான் கோதுகளோடு கிடந்தன.