அவுட்போர்டு என்ஜினில் துரு: நாமே நம் கையால் செய்கிற தவறுகள்

படகின் பின்னால் மாட்டுகிற என்னுடைய 15 குதிரைத்திறன் அவுட்போர்டு என்ஜினில் தண்ணீர் பம்பின் இம்பெல்லரை (தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரம்) மாற்றலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை பினாங்கின் பத்து மாவுங் ஊரில் உட்கார்ந்தேன். கீழ்ப்பகுதியைப் பிடித்திருந்த போல்ட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன, கடைசி ஒன்று மட்டும் அசையவில்லை. ஸ்பேனரில் ஒரு குழாயைச் சொருகி இழுத்தேன். 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், போல்ட்டின் தலை கையோடு வந்துவிட்டது. உடைந்த முகம் புதுசு மாதிரி பளபளவென்று இருந்தது. சுற்றிலும் ஈரச் சுண்ணாம்பு போல வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. சிவப்புத் துரு பொட்டளவுகூட இல்லை.

முதல் தவறு அங்கேதான். நாம் சிவப்பைத் தேடுகிறோம். அவுட்போர்டின் உடம்பு அலுமினியம், போல்ட்டு எவர்சில்வர், இடையில் உப்புத் தண்ணீர். இந்த மூன்றும் சேர்ந்தால் அது ஒரு சின்ன பேட்டரி, அதில் கரைந்துபோவது எப்போதும் அலுமினியம்தான். அந்த வெள்ளைத் தூள்தான் அலுமினியத்தின் துரு, அது கரைந்த உலோகத்தைவிட அதிக இடம் பிடிக்கும் என்பதால் மரைக்குள் ஆப்பு அடித்த மாதிரி இறுகிவிடும். போல்ட்டு தலையைச் சுற்றி பெயிண்ட் கொப்பளித்திருந்தால், அதை நகத்தால் சுரண்டும்போது வெள்ளையாக உதிர்ந்தால், வேலை உள்ளே எப்போதோ ஆரம்பித்துவிட்டது என்று அர்த்தம்.

அடுத்து பேஸ்ட். போல்ட்டு இறுகாமல் இருக்க ஹார்ட்வேர் கடையில் செம்பு நிறத்தில் ஒரு பேஸ்ட் கொடுப்பார்கள், லோரிக்காரர்கள் வீல் நட்டுக்குப் பூசுவது. லோரிக்கு அது நல்லது. கடலில் அலுமினியத்தோடு செம்பைச் சேர்ப்பது நெருப்புக்குப் பக்கத்தில் பெட்ரோல் வைத்த கதை, கிராஃபைட் கலந்த கறுப்பு பேஸ்ட்டும் அப்படியே. நல்ல மரைன் கிரீஸ் போதும், தண்ணீரில் கரையாதது, மரை முழுக்கப் படும்படி தடவுங்கள். நுனியில் ஒரு பொட்டு வைத்து முறுக்கினால் பூசாததற்குச் சமம்.

கடைக்குப் போனதும் இன்னொன்று. 'எவர்சில்வர் போல்ட்டு' என்று மட்டும் கேட்டால் பெரும்பாலும் 304 ரகம் தருவார்கள். கடலுக்கு 316 வேண்டும், அதில் 2 முதல் 3 சதவீதம் மாலிப்டினம் இருக்கிறது, உப்பு போடுகிற குழிகளை அது தாங்கும். தலையில் ஏ2 என்று பொறித்திருந்தால் 304 வகை, ஏ4 என்றால் 316 வகை. காந்தம் வைத்துப் பார்க்கிற பழக்கத்தை விடுங்கள், இரண்டுமே பெரும்பாலும் ஒட்டாது. இரும்புக் கம்பி பிரஷ்ஷால் போல்ட்டைத் தேய்ப்பதையும் நிறுத்துங்கள். பிரஷ்ஷின் இரும்புத் துகள் மேலே பதிந்து அடுத்த வாரமே காவியாகப் பூக்கும், 'எவர்சில்வரே துருப்பிடிக்கிறது, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான்' என்று படகுத்துறையில் ஒரு புலம்பல். நைலான் பிரஷ்ஷோ எவர்சில்வர் பிரஷ்ஷோ வாங்கினால் முடிந்தது.

ஜிங்க் விஷயத்தில்தான் அதிகப் பேர் சறுக்குகிறார்கள். கீழ்ப்பகுதியிலும் பிராக்கெட்டிலும் சாம்பல் நிறத்தில் சின்னக் கட்டிகள் இருக்கும், என்ஜினுக்குப் பதிலாகத் தான் கரைவதற்கென்றே வைத்தவை. என்ஜினுக்கு பெயிண்ட் அடிக்கும்போது அழகுக்காக அதையும் சேர்த்து அடித்துவிடுவார்கள். பெயிண்ட் அடித்த ஜிங்க் செத்த ஜிங்க். அதே மாதிரி, புதுசு மாட்டும்போது அது உட்காருகிற இடத்தில் பெயிண்ட் இருந்தால் உலோகம் உலோகத்தைத் தொடாது. சுரண்டிவிட்டு மாட்டுங்கள், மல்டிமீட்டர் இருந்தால் கட்டிக்கும் உடம்புக்கும் இடையே 1 ஓமுக்குக் கீழே காட்டுகிறதா என்று பாருங்கள். பாதி கரைந்ததும் மாற்ற வேண்டும். 'இன்னும் கொஞ்சம் இருக்கே' என்று விட்டுவைப்பது தப்புச் சிக்கனம். இன்னொரு பக்கம், இரண்டு வருஷமாகியும் கரையவே இல்லை என்று பெருமைப்படுபவர்கள் இருக்கிறார்கள். அண்ணே, அது வேலையே செய்யவில்லை.

எல்லாவற்றையும் ஜிங்க் என்றே சொன்னாலும் இதில் மூன்று உலோகம் உண்டு. முழுக்கக் கடல் என்றால் துத்தநாகம், அதாவது அசல் ஜிங்க், சரி. பிறை ஆற்று முகத்திலோ பாலிக் புலாவ் பக்கத்துக் கண்டல் காட்டு ஓடைகளிலோ நல்ல தண்ணீரும் உப்பும் கலந்து கிடக்கிறது, அங்கே துத்தநாகத்தின் மேல் ஓடு மாதிரி ஒரு படலம் கட்டி அது உறங்கிப்போகும். அலுமினியக் கலவைக் கட்டி இரண்டு தண்ணீருக்கும் தாங்கும், பினாங்கில் நம்மைப் போலச் சுற்றுகிறவர்களுக்கு அதுதான் என் தேர்வு. மெக்னீசியம் ஆறு, ஏரிக்கு மட்டும், கடலில் போட்டால் மளமளவென்று தீர்ந்துவிடும். ஆமாம், புரொப்பெல்லருக்கு மேலே துடுப்பு மாதிரி இருக்கிற கட்டியைக் கழற்றும் முன் அது எந்தக் கோணத்தில் நின்றது என்று பென்சிலால் அல்ல, ஆணியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள் (பென்சில் கிராஃபைட்). கோணம் மாறினால் படகு ஒரு பக்கமாக இழுக்கும்.

கழுவுவது எல்லோருக்கும் தெரியும் என்று நினைத்தேன், தெரியவில்லை. வெளியே ஓஸ் பைப் அடித்துவிட்டு 'கழுவியாச்சு' என்பார்கள். உப்பு உள்ளே தண்ணீர் ஓடுகிற வழியில் இருக்கிறது. நீலப் பிளாஸ்டிக் தோங்கில் (பீப்பாயில்) நல்ல தண்ணீர் நிரப்பி, தண்ணீர் உறிஞ்சும் துவாரத்துக்கு மேலே மட்டம் நிற்கும்படி என்ஜினை இறக்கி, நியூட்ரலில் மெதுவாக 10 நிமிடமாவது ஓடவிடுங்கள். தெர்மோஸ்டாட் உள்ள என்ஜின் சூடானால்தான் உள்வழி முழுக்கத் திறக்கும், இரண்டு நிமிடத்தில் அணைத்தால் பாதி இடத்துக்கு நல்ல தண்ணீர் போயே இருக்காது. தோங்குத் தண்ணீர் நாக்கில் கரித்தால் மாற்றி இன்னொரு முறை. தண்ணீர் இல்லாமல் 'ஒரு நொடி பார்க்கிறேன்' என்று ஸ்டார்ட் செய்யாதீர்கள், இம்பெல்லர் ரப்பர் வெந்துவிடும். ஓஸ் மாட்டுவதற்கென்று தனி வாய் உள்ள மாடல்களில் பலவற்றுக்கு என்ஜினை நிறுத்திவைத்துத்தான் தண்ணீர் விட வேண்டும், கையேட்டைப் பார்த்துச் செய்யுங்கள். மூடியைத் திறந்து பிரஷர் பம்ப் அடிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள். வேண்டாம், ஒயர் இணைப்புகளுக்குள் தண்ணீரை நாமே ஏற்றுவது அது.

டபிள்யூடி-40 அடித்தால் போதும் என்பது இன்னொரு நம்பிக்கை. ஈரத்தை விரட்ட நல்ல சாமான்தான், ஆனால் அது விட்டுச்செல்லும் படலம் மெல்லியது, நாலைந்து கடல் பயணத்துக்குத் தாங்காது. மூடிக்கு உள்ளே இருப்பதற்கு மெழுகு மாதிரி ஒட்டிக்கொள்ளும் மரைன் ஸ்ப்ரே தனியாக விற்கிறது.

படகின் அடியில் பாசி பிடிக்காமல் அடிக்கிற பெயிண்டில் மீந்ததை என்ஜின் காலிலும் (தண்ணீருக்குள் இறங்குகிற கீழ்ப்பகுதி) பூசுவது சாதாரணமாக நடக்கிறது. அதில் பெரும்பாலும் செம்பு ஆக்ஸைடு இருக்கும். பேஸ்ட்டுக்குச் சொன்ன அதே கதை, இந்த முறை கால் முழுக்க. அலுமினியத்துக்கு என்று எழுதியிருப்பதை மட்டும் வாங்குங்கள். நிறுத்திவைக்கும்போது காலைத் தண்ணீரை விட்டுத் தூக்கி வைத்தால் பாசிப் பிரச்சினையே பாதி குறையும்.

சரி, போல்ட்டு இறுகியே விட்டது, அப்புறம்? குழாய் சொருகாதீர்கள், நான் செய்ததைச் செய்யாதீர்கள். ஊடுருவும் எண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மறுநாள் முதலில் இறுக்கும் பக்கமாக ஒரு மயிரிழை, பிறகு தளர்த்தும் பக்கம், இப்படி முன்னும் பின்னுமாக. அதற்கும் மசியாவிட்டால் சூடு. அலுமினியம் எவர்சில்வரைவிட அதிகமாக விரியும், அதனால் போல்ட்டைச் சுற்றியுள்ள உடம்பைச் சூடாக்க வேண்டும், பக்கத்தில் ரப்பர் சீல் இருந்தால் ஹீட் கன்னோடு (சூடான காற்று ஊதும் கருவி) நிறுத்திக்கொள்ளுங்கள். பெட்ரோல் டாங்கியையும் டியூபையும் முதலிலேயே கழற்றித் தூர வையுங்கள். உடைந்துவிட்டால், துளை போட்டுத் திருகி எடுக்கிற அந்தக் கூம்பு ஆணியை வீட்டில் முயலாதீர்கள். அது உள்ளேயே முறிந்தால் சாதாரண டிரில் அதன்மேல் ஏறாது.

தெலுக் கும்பார் பக்கத்தில் ஒரு போமேன் (மெக்கானிக்), என் உடைந்த போல்ட்டின் மேல் ஒரு நட்டை வைத்து வெல்டிங் அடித்து, ஆறுவதற்குள் ஸ்பேனர் போட்டு எடுத்தார். மொத்தம் ஐந்து நிமிடம். கூலி இம்பெல்லர் விலையைத் தாண்டிவிட்டது. "என்ஜின்ல இருக்கிற மத்த போல்ட்டுங்களையும் இன்னைக்கே கழட்டி கிரீஸ் போட்டுடு தம்பி" என்றார். மூன்று சுலபமாக வந்தன. ஒன்றுக்கு மறுபடியும் சூடு வைக்க வேண்டியிருந்தது.