பழைய ஜீப்பின் பெட்ரோல் டேங்க் மூச்சுத் திணறினால்: கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும்

மலைப்பாதையில் அரைமணி நேரம் நன்றாக ஏறிய வண்டி, திடீரென்று இரண்டு மூன்று முறை திக்கி நின்றுவிடுகிறது. பத்து நிமிடம் ஓரமாக நிறுத்திவிட்டுச் சாவியைத் திருப்பினால் ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்புகிறது. சிறிது தூரம் போனதும் மறுபடியும் அதே தொல்லை. பழைய கரடுமுரடுப் பாதை வண்டிகளில் இப்படி நேர்ந்தால், பலரும் முதலில் மாற்றுவது பெட்ரோல் பம்பை. நானும் மாற்றினேன், இரண்டு முறை. பம்பில் ஒரு குறையும் இல்லை. டேங்கின் மூச்சுக்குழாய் முனையில் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. கட்டைவிரல் நகத்தின் அளவுகூட இல்லாத அந்த மண், காய்ந்து கல்லாகித் துவாரத்தை முழுவதும் அடைத்திருந்தது. திருப்புளி முனையால் அதை நெம்பி எடுத்ததும் டேங்க் நீளமாகக் காற்றை உள்ளிழுத்த சத்தம் இன்னும் நினைவிருக்கிறது.

அதனால் பணம் செலவழிப்பதற்கு முன் டேங்க் மூச்சு விடுகிறதா என்று பாருங்கள். இதற்குப் பெரிய கருவிகள் தேவையில்லை.

டேங்க் ஏன் மூச்சு விட வேண்டும்

எஞ்சின் ஒரு லிட்டர் பெட்ரோலை இழுத்தால், அந்த இடத்தை நிரப்ப ஒரு லிட்டர் காற்று டேங்குக்குள் வர வேண்டும். வராவிட்டால் உள்ளே வெற்றிடம் உண்டாகிறது. பம்பு எவ்வளவு உறிஞ்சினாலும் பெட்ரோல் வருவதில்லை. நிலைமை முற்றினால் தகர டேங்க் உட்குழிந்தே போகும்.

எதிர்த்திசையிலும் இதே தேவை உண்டு. 60 லிட்டர் பெட்ரோல் 20 டிகிரி செல்சியஸ் கூடுதலாகச் சூடேறினால் ஒரு லிட்டருக்குச் சற்று அதிகமாக விரிகிறது. அதோடு ஆவியும் பெருகுகிறது. 2,000 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தைவிடச் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்பதால், கீழே இறுக மூடிய டேங்க் மேலே போகும்போது உப்பி நிற்கும். சைலன்சர் குழாய் டேங்கை ஒட்டிப் போகும் வண்டிகளில் இது இன்னும் மோசம்.

தொடங்கும் முன்

பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரியிலேயே தீப்பற்றக்கூடிய ஆவியை விடும். அந்த ஆவி காற்றைவிட மூன்று நான்கு மடங்கு கனமானது. தரையோடு படர்ந்து பள்ளத்தில் தேங்கும். ஆகவே திறந்த வெளியில் வேலை செய்யுங்கள். பள்ளத்தின் மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். எஞ்சின் முழுவதும் ஆறட்டும், பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றுங்கள், தீயணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். சூடாக இருக்கும் டேங்கின் மூடியை ஒருபோதும் திறக்காதீர்கள். அழுத்தம் சட்டென்று விடுபட்டால் பெட்ரோல் ஊற்றுபோல் முகத்தில் பீறிடும். இந்த ஒன்றில் மட்டும் அவசரம் வேண்டாம்.

படி 1: காகிதத் துண்டுச் சோதனை

அரை டேங்க் பெட்ரோலோடு சமதளச் சாலையில் ஓட்டுங்கள். வண்டி திக்கத் தொடங்கியதும் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். டேங்கைத் தொட்டுப் பார்த்துச் சூடில்லை என்றால், மூடியின் விளிம்பருகே மெல்லிய காகிதத் துண்டு ஒன்றைப் பிடித்துக்கொண்டு மூடியை மெதுவாகத் தளர்த்துங்கள். காகிதம் உள்ளே இழுக்கப்பட்டால் வெற்றிடம். காற்று வரும் வழி அடைத்திருக்கிறது. வெளியே பறந்தால் அழுத்தம். ஆவி போகும் வழி அடைத்திருக்கிறது. 'உஸ்' என்ற சத்தத்தை மட்டும் கேட்டால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். காகிதம்தான் திசையைக் காட்டும்.

மூடியைத் தளர்த்திய உடனே எஞ்சின் சீராக ஓடினால் பம்பு, கார்புரேட்டர் பக்கம் போகவே வேண்டாம்.

படி 2: மூடி சரியானதுதானா

நான் பார்த்த வண்டிகளில் அதிகம் நேர்ந்த தவறு இதுதான். டேங்க் மூடியில் இரண்டு வகை உண்டு. ஒன்று, காற்றை உள்ளே விடும் சிறு துவாரமோ வால்வோ உள்ள மூடி. மற்றொன்று, இயல்பாக மூடியே இருக்கும் மூடி. அமெரிக்காவில் 1970இல் கலிஃபோர்னியாவிலும் 1971இல் நாடு முழுவதும் பெட்ரோல் ஆவிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, ஆவியைக் கரி நிரப்பிய டப்பாவுக்குக் கொண்டுபோகும் குழாய்கள் வந்தன. அவற்றோடு மூடிய வகையும் பரவியது. பழைய மூடி தொலைந்த பின், திருகில் பொருந்துகிறதே என்று எதையோ வாங்கிப் போட்டிருப்பார்கள். டேங்கிலிருந்து ஆவிக்குழாய் எதுவும் கிளம்பாத வண்டிக்குத் துவார மூடிதான் வேண்டும். குழாய்கள் உள்ள வண்டிக்கு மூடிய வகை.

மூடியில் ஆணியால் துளை போடும் வழக்கமும் இருக்கிறது. செய்யாதீர்கள். வண்டி சாயும்போது அந்தத் துளை வழியே பெட்ரோல் சைலன்சர் மேல் சொட்டும்.

படி 3: குழாய்களைத் தொடர்ந்து போங்கள்

டேங்கின் மேற்புறத்தில் தொடங்கி ஒவ்வொரு குழாயையும் விரலால் தடவிக்கொண்டே போய், ஒரு தாளில் படமாக வரையுங்கள். பெட்ரோல் ஊற்றும் கழுத்தை ஒட்டி வரும் தடித்த குழாய், நிரப்பும்போது காற்று வெளியேறுவதற்கு. அது நசுங்கியிருந்தால் பங்கில் ஊற்றும் துப்பாக்கி அடிக்கடி தானாக நின்றுவிடும். மெல்லிய குழாய்கள்தான் ஓட்டத்தின்போது மூச்சு விடுபவை.

இங்கே நிதானமாகப் பாருங்கள். குழாய் சட்டத்துக்கும் பாடிக்கும் நடுவே நசுங்கியிருக்கலாம், கிளாம்ப் இறுக்கியதில் சப்பையாகியிருக்கலாம். கண்ணுக்கு எளிதில் படாத குறை ஒன்றும் உண்டு: தாழ்ந்து தொங்கும் வளைவு. ஏற்றத்தில் அலம்பிய பெட்ரோல் அந்த வளைவில் தேங்கி நின்றுவிடும். குழாயில் ஓட்டை இல்லை, அடைப்பும் இல்லை, ஆனாலும் காற்று தடைபடும். குழாயை டேங்கிலிருந்து மேல்நோக்கியே போகும்படி கட்டிவிட்டால் இது தீர்ந்துவிடும்.

படி 4: சுத்தம் செய்தல்

குழாயை டேங்க் பக்கத்தில் கழற்றி, டேங்கின் முனையைச் சுத்தமான துணியால் மூடுங்கள். பிறகு சைக்கிள் கைப்பம்பால் குழாய்க்குள் காற்றடியுங்கள். வெளிமுனையில் தாராளமாகக் காற்று வர வேண்டும். டேங்க் பக்கமாகக் காற்றடிக்காதீர்கள். அடைப்பு உள்ளே போய்விடும், கம்ப்ரஸரின் அழுத்தம் டேங்கையே பிளந்துவிடும்.

வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் வால்வு இருந்தால் அதையும் கழற்றிச் சோதியுங்கள். நிமிர்த்திப் பிடித்தால் காற்று போக வேண்டும், தலைகீழாகப் பிடித்தால் நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று தவறினாலும் புதிது போடுங்கள்.

கரி டப்பாவைக் குலுக்கிப் பாருங்கள். பெட்ரோல் சலசலத்தாலோ கரித்தூள் உதிர்ந்தாலோ அது பயனற்றது. அடியில் உள்ள பஞ்சு வடிகட்டி தூசியால் அடைத்திருப்பதும் உண்டு.

படி 5: புதிய குழாய்

வெடித்த, கெட்டிப்பட்ட ரப்பரை ஒட்டிச் சமாளிக்க வேண்டாம். எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரைச் சீக்கிரமே கெடுத்துவிடுகிறது. பெட்ரோலுக்கென்றே செய்த, எஸ்ஏஇ ஜே30 ஆர்7 போன்ற முத்திரை உள்ள குழாயை வாங்குங்கள். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் குழாய் பார்க்க அழகாக இருக்கும், ஆனால் சில மாதங்களில் விறைத்து விரிசல் விடும்.

ஆவிக்குழாய் நேரே வெளிக்காற்றுக்குத் திறக்கும் வண்டி என்றால், அதை மூடியின் உயரத்துக்கும் மேலே ஏற்றி, ஒரு வளையம் விட்டு, முனையைக் கீழ்நோக்கித் திருப்புங்கள். டேங்கின் இடப்பக்கத்திலிருந்து வரும் குழாயை வலப்பக்கம் கொண்டுபோய் ஏற்றுவது நல்லது. வண்டி இடப்பக்கம் சாய்ந்தாலும் முனை பெட்ரோல் மட்டத்துக்கு மேலேயே இருக்கும். முனையில் சிறிய பெட்ரோல் வடிகட்டி ஒன்றைச் செருகிவிட்டால் குளவியும் மண்ணும் அண்டாது.

படி 6: சரிபார்த்தல்

விளிம்புவரை நிரப்பாதீர்கள். பெட்ரோல் விரிய இடம் வேண்டும். முன்பக்கம் உயர்ந்த சரிவில் கால்மணி நேரம், பின்பக்கம் உயர்ந்த சரிவில் கால்மணி நேரம் நிறுத்தி, ஒவ்வொரு இணைப்பையும் உலர்ந்த காகிதத்தால் துடைத்துப் பாருங்கள். ஈரம் பட்டால் கிளாம்பை மாற்றுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாடை வீசினால் தேடலை நிறுத்த வேண்டாம், கசிவு எங்கேயோ மிச்சமிருக்கிறது.

பிறகு, முன்பு திக்கிய அதே தூரத்தைவிடச் சற்று அதிகமாக ஓட்டி நிறுத்தி, டேங்க் ஆறியதும் மூடியருகே மறுபடி காகிதத்தைப் பிடியுங்கள். துவார மூடி என்றால் காகிதம் அசையவே கூடாது. மூடிய வகையில் லேசாக ஒரு முறை அசைவது இயல்பு.